வாய்ப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் பி53, பி16: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப் புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை எடுப்பவர்களின் ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட்டோடு ஐ.எச்.சி. (திசுவில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்க்கும் சோதனை) என்று இன்னொரு தாளும் இப்போது அடிக்கடி சேர்ந்து வருகிறது. அதில் உள்ள ‘பி53 பாசிட்டிவ்’, ‘பி16 நெகட்டிவ்’ என்ற இரண்டு வரிகளைத் தவறாகப் புரிந்துகொண்டு தேவையில்லாமல் கலங்குபவர்களும் உண்டு, தேவையில்லாமல் நிம்மதி அடைபவர்களும் உண்டு. நோயாளிகள், உடன் அலையும் குடும்பத்தார், பல் மருத்துவ முதுநிலை மாணவர்கள் எல்லோருக்குமாக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம்.

கட்டி அடக்கிப் புரதம் என்றால் என்ன?

செல் பிரியும்போது ‘இப்போது பிரியலாமா, கூடாதா’ என்று பார்த்து நிறுத்திவைக்கும் புரதங்கள் இவை. வாய்ப் புற்றுநோயில் அதிகம் பேசப்படுபவை மூன்று: பி53, பி16, ஆர்பி.

பி53 புரதம் 1979இல் கண்டறியப்பட்டது. இதன் மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லின் டி.என்.ஏ. அடிபட்டால் பி53 அளவு ஏறும். அது பி21 என்ற இன்னொரு புரதத்தை எழுப்பி, பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க நேரம் வாங்கிக் கொடுக்கும். பழுது தீராது என்றால் அந்தச் செல்லையே சாக வைத்துவிடும்.

ஆர்பி ஒரு பூட்டு மாதிரி. அது பூட்டியிருக்கும் வரை செல் பிரியத் தொடங்காது. சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற நொதிகள் அதைத் திறக்கும் சாவிகள். சாவியைத் திருப்ப விடாமல் பிடித்துக்கொள்ளும் கைதான் பி16. இந்த வரிசை மனதில் இருந்தால் பி16 ரிப்போர்ட்டின் குழப்பம் பின்னால் தானாகவே தெளியும்.

ரிப்போர்ட்டில் ‘பி53 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. காக்கிற புரதம் நிறைய இருந்தால் நல்லதுதானே?

இல்லை. பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

நல்ல செல்லில் பி53 உருவான கொஞ்ச நேரத்திலேயே அழிக்கப்பட்டுவிடும். எம்.டி.எம்.2 என்ற புரதம் அதைத் தேடிப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே சாயம் போட்டுப் பார்த்தால் மிகக் குறைவாகத்தான் தெரியும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் ஓர் இடத்தில் தவறான அமினோ அமிலம் உட்கார்ந்துவிட்டால் அந்தப் புரதம் வேலை செய்யாது, அழியவும் மாட்டாது. உட்கருவில் குவிந்துகொண்டே போகும். ஸ்லைடில் அடர்த்தியான பழுப்பாகத் தெரிவது வேலை செய்யாத இந்தப் புரதத்தின் குவியல்தான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பி53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு மூலக்கூறுகள் கைகோத்தால்தான் அது டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியும். அந்த நான்கில் கெட்டது ஒன்று கலந்தாலே மற்ற மூன்றின் வேலையும் கெடக்கூடும். அதனால் மரபணுவின் ஒரு நல்ல பிரதி மிச்சமிருந்தும் பயனில்லாமல் போகலாம்.

அப்படியானால் ‘பி53 நெகட்டிவ்’ நல்ல செய்தியா?

அதையும் உடனே நம்பிவிட முடியாது. தவறு அதிகம் நடப்பதே இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மரபணு மாற்றங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில மாற்றங்களில் புரதம் பாதியிலேயே அறுந்து போகும், அல்லது உருவாகவே உருவாகாது. அப்போது சாயம் ஏறாது. ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ என்று வரும், ஆனால் உள்ளே பி53 அடியோடு இல்லை. ‘10 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ், கீழே நெகட்டிவ்’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதும் பழைய முறையில் இந்தக் கட்டிகளும் பி53 கெடாத கட்டிகளோடு ஒரே கூடையில் விழுந்துவிடும். பி53க்கும் நோயின் போக்குக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பழைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் கருத்து.

எனவே எத்தனை சதவீதம் என்பதோடு, சாயம் எந்தக் கோலத்தில் ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இயல்பான வாய்ச் சவ்வில் அடிவரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒன்று வெளிறி ஒன்று அடர்ந்து, பழுப்பு உட்கருக்கள் தெரியும். கெட்ட புரதம் குவிந்த கட்டியில் இடைவெளியே இல்லாமல் வரிசையாக எல்லா உட்கருக்களும் ஒரே அடர்த்தியில் கறுத்திருக்கும், அடிவரிசையைத் தாண்டி மேலேயும் ஏறியிருக்கும். மூன்றாவது கோலத்தில் கட்டியின் செல் ஒன்றுகூடப் பழுப்பாக இருக்காது, எல்லாம் நீலமாகவே நிற்கும். ஆனால் அதே ஸ்லைடில் கட்டியைச் சுற்றியுள்ள லிம்ஃபோசைட்டுகளிலும் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) நார்த்திசுச் செல்களிலும் லேசான பழுப்பு சிலவற்றில் தெரியும். சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அக்கம்பக்கத்துச் செல்களும் மொத்தமாக நீலமாகவே இருந்தால் அந்த ஸ்லைடு செல்லாது, திரும்பப் போட வேண்டும்.

ரிப்போர்ட்டில் வெறும் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் இருந்தால், ‘இது இயல்பான கோலமா, முழுவதும் இல்லாத கோலமா, சுற்றியுள்ள செல்களில் சாயம் ஏறியிருந்ததா?’ என்று நோய்க்குறியியல் மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கலாம். அது நியாயமான கேள்விதான்.

பி53 கெட்டிருக்கிறது. இனி எவ்வளவு நாள் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒரு தனி மனிதருக்கு அப்படிச் சொல்ல முடியாது. தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகள் 279இன் மரபணுவை அலசி 2015இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எச்.பி.வி. வைரஸ் இல்லாத கட்டிகளில் 84 சதவீதத்தில் பி53 மரபணு கெட்டிருந்தது. ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஓர் அடையாளத்தை வைத்து இவருக்கு நல்லது, அவருக்குக் கெட்டது என்று பிரிக்க முடியாது.

மாற்றம் எந்த வகை என்பதில் ஓரளவு தகவல் இருக்கிறது. 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 420 பேரைப் பார்த்தார்கள். புரதத்தின் வடிவத்தையே சிதைக்கும் மாற்றங்கள் இருந்தவர்களின் ஆயுள், மாற்றமே இல்லாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. கதிர்வீச்சுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கும் கட்டி மசியாமல் இருப்பதோடும் பி53 குறைபாட்டைத் தொடர்புபடுத்துகிறார்கள். டி.என்.ஏ.வை அடித்துச் செல்லைச் சாக வைக்கும் சிகிச்சைகள் அவை. சாகச் சொல்லும் புரதமே இல்லாதபோது பலன் குறைவது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனாலும் பி53 முடிவை வைத்து மருந்தை மாற்றுவதோ கதிர்வீச்சு அளவைக் கூட்டுவதோ இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை.

அப்படியென்றால் நோயின் போக்கை உண்மையில் தீர்மானிப்பது எது?

அறுவைக்குப் பின் வரும் ஹிஸ்டோபேதாலஜி (திசு ஆய்வு) ரிப்போர்ட்டில் நான்கு இடங்களை முதலில் தேடுங்கள்.

முதலாவது, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. 2 செ.மீ.க்குள் உள்ள கட்டிகூட 5 மி.மீ.க்கு மேல் ஆழம் போயிருந்தால் டி1 இலிருந்து டி2 ஆகும் (டி என்பது கட்டியின் படிநிலை). 10 மி.மீ.யைத் தாண்டினால் குறைந்தது டி3. இந்த ஆழத்தைப் பக்கத்தில் இருக்கும் நல்ல சவ்வின் அடித்தளக் கோட்டிலிருந்து நேர்கீழாக அளக்க வேண்டும். புண்ணின் பள்ளத்திலிருந்து அளந்தால் ஆழம் குறைவாகவும், மேலே புடைத்த கட்டியின் தலையிலிருந்து அளந்தால் அதிகமாகவும் வரும்.

இரண்டாவது, கழுத்தில் நெறிக்கட்டி, அதாவது நோய் பரவிய நிணநீர்க் கணு. எத்தனை கணுக்கள் எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்று எழுதியிருக்கும். கழுத்து அறுவையில் 18 கணுக்களாவது கிடைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மூன்றாவது, நோய் கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்பது. இது எங்கள் பார்வையில் பி53ஐவிடப் பல மடங்கு கனமான வரி. நான்காவது, வெட்டிய விளிம்பு. 5 மி.மீ.யும் அதற்கு மேலும் இடைவெளி இருந்தால் சுத்தம், அதற்குக் கீழே என்றால் நெருக்கம் என்பார்கள். நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

சிகிச்சையை மாற்றுவது இவைதான். உறை கிழிந்திருந்தாலோ விளிம்பில் நோய் இருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்ப்பார்கள். கழுத்தில் கட்டி தெரியாத ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயிலும் கழுத்து அறுவையைச் சேர்த்தே செய்துவிடுவது நல்லது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் நிறுவியது. 3 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், சேர்த்துச் செய்த குழுவில் 80 சதவீதம், கட்டி தெரிந்த பிறகு செய்த குழுவில் 67.5 சதவீதம். பி53 சோதனை எதுவும் இல்லாமல், அறுவையின் திட்டத்தை மாற்றியதாலேயே கிடைத்த பலன் இது.

‘பி16 பாசிட்டிவ் என்றால் நன்றாகக் குணமாகும்’ என்று படித்தோம். அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். அவருக்கும் பொருந்துமா?

நாக்கில் எந்த இடம் என்று முதலில் கேளுங்கள். நாக்கின் பின்பகுதியில் V போல வரிசையாகப் பெரிய மொட்டுகள் இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு நாக்கு வாயைச் சேர்ந்தது. பின்னால் இருக்கும் அடிநாக்கு, டான்சிலைப் போலவே தொண்டையைச் சேர்ந்தது. சோதனைப் படிவத்தில் வெறுமனே ‘நாக்கு’ என்று எழுதி அனுப்பினால் லேபுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்க இந்த ஒரு சொல்லே போதும்.

தொண்டைப் புற்றுநோயில் எச்.பி.வி. வைரஸ் காரணமாக இருக்கலாம். அந்த வைரஸின் இ7 புரதம் ஆர்பி பூட்டை உடைத்துவிடும். பூட்டு உடைந்ததும், சாவியைத் தடுக்கச் செல் பி16ஐ மேலும் மேலும் செய்து குவிக்கும். ஆகவே பி16 அங்கே வைரஸைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். 70 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் உட்கரு, சைட்டோபிளாசம் இரண்டிலும் நடுத்தரத்துக்குக் குறையாத அடர்த்தியில் சாயம் ஏறினால்தான் பாசிட்டிவ். இந்த வகையினருக்குக் குணமாகும் வாய்ப்பு தெளிவாகவே அதிகம். 2010இல் வெளியான ஆய்வில் 3 ஆண்டு உயிர்வாழ்வு எச்.பி.வி. உள்ளவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1 சதவீதம்.

கன்னம், ஈறு, முன்நாக்கு, வாயின் தரை ஆகிய இடங்களில் கதை வேறு. நம் ஊரில் இவை பெரும்பாலும் புகையிலையாலும் பாக்காலும் வருபவை, வைரஸால் அல்ல. பி16 மரபணு அங்கே பெரும்பாலும் அறுந்தோ முடக்கப்பட்டோ போயிருக்கும், அதனால் ‘நெகட்டிவ்’ வருவது சாதாரணம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எப்போதாவது பாசிட்டிவ் வந்தாலும் அது எச்.பி.வி. என்றோ, சிகிச்சையைக் குறைக்கலாம் என்றோ பொருளில்லை. வாய்க்குழிக் கட்டிகளுக்கு எச்.பி.வி. சோதனை வழக்கமாகத் தேவையில்லை என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நோய் தொடங்கிய இடம் தெரியாமல் கழுத்துக் கணுவில் மட்டும் நோய் தெரியும்போது பி16 உண்மையிலேயே பயன்படும்.

தொண்டையிலும்கூட ‘பி16 பாசிட்டிவ்தானே’ என்று சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் குறைந்துதான் போனது. கீமோவைக் குறைக்கச் சொல்லி நீங்களாக அழுத்தம் தராதீர்கள்.

மாவா, ஹான்ஸ், குட்கா இந்தப் புரதங்களை என்ன செய்கின்றன?

புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்கள் டி.என்.ஏ.வில் ஒட்டி, ‘ஜி’ எழுத்தை ‘டி’ எழுத்தாக மாற்றும். பி53 மரபணுவின் 157, 248, 273 ஆகிய இடங்களில் அது ஒட்ட அதிக வாய்ப்பு. மெல்லும் புகையிலையில் நைட்ரோசமைன்கள் இருக்கின்றன. புகையிலையே கலக்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தருவதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்திருக்கிறது. ‘நான் வெறும் பாக்குதான் போடுகிறேன்’ என்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை இருந்தும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் போகவில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு பழக்கத்தை விடுவது எதற்கு என்றால், வாய் முழுவதும் ஏற்கெனவே அடிபட்ட செல்கள் இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் விளிம்பு சுத்தம் என்று வந்த 25 பேரின் விளிம்புத் திசுவில் பி53 மாற்றத்தைத் தேடிய 1995ஆம் ஆண்டு ஆய்வில், 13 பேரிடம் அது இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மற்ற 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சவ்வும் முழுக்க நல்ல சவ்வு இல்லை என்பதைப் புரியவைக்கிறது.

ஒரே கட்டிக்கு இரண்டு லேபில் இரண்டு முடிவு வருவது ஏன்?

பிழை பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கும்.

பயாப்சி எடுத்த துண்டு உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போக வேண்டும். துண்டின் அளவைப்போல் 10 மடங்காவது திரவம் வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். சின்ன கிளினிக்கில் கைக்குக் கிடைத்த சலைன் பாட்டிலில் போட்டு அனுப்பினால் லேபுக்குப் போகும் முன்பே திசு கெட்டுவிடும். பெரிய அறுவைத் துண்டை வெட்டாமல் அப்படியே முக்கினால் வெளிப்பக்கம் பதப்பட்டு நடுவே அழுகும். நடுவில் சாயம் ஏறாது, அதை ‘நெகட்டிவ்’ என்று படித்துவிடலாம்.

துண்டை எங்கிருந்து எடுப்பது என்பதும் உண்டு. புண்ணின் நடுவில் செத்த திசுதான் கிடைக்கும். நல்ல சவ்வும் புண்ணும் சேரும் ஓரத்தில், ஆழமாக எடுக்க வேண்டும். காட்டரியால், அதாவது சூட்டால் வெட்டும் கருவியால், எடுத்தால் ஓரம் கருகி உட்கருக்கள் நீண்டு நசுங்கிவிடும்.

ஈறுப் புற்றுநோயில் தாடை எலும்பும் சேர்ந்து வரும். எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் ஊறவைத்தால் புரதமும் டி.என்.ஏ.வும் சேர்ந்தே சிதையும். ஐ.எச்.சி.க்கும் ஜீன் சோதனைக்கும் எலும்பு படாத மென்திசு பிளாக்கைத்தான் (திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டி) தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடியில் வெட்டி வைத்த சாயமிடாத ஸ்லைடுகளும் மாதக்கணக்கில் கிடந்தால் சாயம் ஏறுவது குறையும்.

இரண்டாவது கருத்துக்கு எதை எடுத்துப் போக வேண்டும்?

அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பயாப்சி, அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ சிகிச்சை என்று சென்னையில் ஃபைல் இடம் மாறுவது சகஜம். ரிப்போர்ட் நகலோடு மெழுகு பிளாக்கையும் சாயமிட்ட ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். கடிதம் கொடுத்தால் தருவார்கள். பிளாக் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே ஒருமுறை பாருங்கள்.

பிளாக்கில் இருப்பது பாரஃபின் மெழுகு. 56 முதல் 60 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டிலோ ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ வைக்காதீர்கள். சின்ன ஜிப் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். ஃப்ரீசரும் வேண்டாம்.

ஜீன் சோதனை, அதாவது என்.ஜி.எஸ்., செய்தே ஆக வேண்டுமா?

முதல் முறை சிகிச்சைக்கு வந்திருக்கும் வாய்ப் புற்றுநோயாளிக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பி53, ஃபேட்1, நாட்ச்1, காஸ்பேஸ்8 ஆகிய மரபணுக்களில் மாற்றம் என்று பட்டியல் வரும். இந்திய விஞ்ஞானிகள் கன்னம், ஈறுப் புற்றுநோயை அலசி 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதே பெயர்களைத்தான் காட்டியது. அவற்றுக்கு நேரடி மருந்து இன்று கிடையாது. சீனாவில் 2003இல் பி53 மரபணுவைச் செலுத்தும் ஊசிக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் உலகளவில் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. நோய் திரும்பி வந்தவர்களுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) யோசிக்கும்போது கேட்கப்படுவது பி.டி.எல்.1 சோதனை. அது வேறு வகைப் புரதம், இந்தக் குடும்பத்தில் சேராது.

அம்மாவுக்குப் பி53 கெட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா?

கட்டியில் காணும் மாற்றம் பெரும்பாலும் வாழ்நாளில் அந்தச் செல்களில் மட்டும் ஏற்பட்டது. அப்படி ஏற்பட்டது பிள்ளைகளுக்குப் போகாது. பழக்கம் எதுவுமில்லாமல் மிக இளவயதில் நாக்கில் புற்றுநோய் வந்தால் மட்டும், குறிப்பாக ரத்த அணுக்களும் குறைந்திருந்தால், ஃபான்கோனி அனீமியா போன்ற பரம்பரைக் காரணத்தைக் கதிர்வீச்சுக்கு முன்பே தேட வேண்டும். அவர்களின் உடல் கதிர்வீச்சையும் சிஸ்பிளாட்டினையும் தாங்காது.

வாயில் வெள்ளைப் படலம் மட்டும்தான். பி53 பார்க்கலாமா?

இந்தப் புரதங்களின் வருங்காலப் பயன் இங்கேதான் அதிகம் என்று நினைக்கிறோம். பயாப்சியில் டிஸ்பிளேசியா, அதாவது புற்றுக்கு முந்தைய செல் மாற்றம், இருக்கிறதா என்று மருத்துவர்களுக்கே சந்தேகம் வரும்போது, மேலே சொன்ன பி53 கோலம் கை கொடுக்கும். 9ஆவது குரோமோசோமின் பி16 இருக்கும் பகுதியும் 3ஆவதின் குட்டைக் கையும் இழந்துபோன படலங்கள் புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்ததே. ஆனால் இயல்பான கோலம் வந்தது என்பதற்காக வருகையை நிறுத்தக் கூடாது. 3 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

பி53ஐக் கூட்டும் உணவு, மஞ்சள் மாத்திரை ஏதாவது?

கெட்டுப்போன பி53ஐச் சரிசெய்யும் உணவோ மாத்திரையோ இல்லை. குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். கதிர்வீச்சு நடக்கும்போது அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

பி53 ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. கரண்ட் வைப்பதைத் தள்ளிப்போடலாமா?

வேண்டவே வேண்டாம். அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். அந்த 6 வாரத்துக்குள் தையல் ஆற வேண்டும், கெட்ட பற்களைப் பிடுங்கி 2 வாரமாவது ஆறவிட வேண்டும், முகத்துக்கு மாஸ்க் அளவெடுக்க வேண்டும், பிளானிங் ஸ்கேன் எடுக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஒப்புதலும் வர வேண்டும். பல்லைப் பிடுங்குவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் எல்லாமே தள்ளிப்போகும், ஆகவே தையல் பிரிக்கும் நாளிலேயே பல் மருத்துவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். பிறகு 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, 30 முதல் 33 தடவையாக, வாரம் 5 நாள். நடுவில் இடைவெளி விடக் கூடாது. பி53 ரிப்போர்ட் எப்போது வந்தாலும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம்.